மருமகன் பூட்டிய றீல்

கலியாணத் தரகர் அப்துல் ஹமீட் பொய் சொன்னார் என்று அடித்துச் சொல்ல முடியாது. "மாப்பிள்ளை எந்த மெசினையும் கழட்டுவார்" என்றுதான் அவர் எருக்கலம்பிட்டியில் பெண் வீட்டாரிடம் சொன்னார். அது முழு உண்மை. சிலாவத்துறையில் ஷிராஸின் உம்மா வீட்டில் ஒரு மேசை ஃபேன், ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு கிறைண்டர் எல்லாம் கழட்டிய கோலத்திலேயே ஒரு சாக்குக்குள் கிடக்கின்றன. திரும்பப் பூட்டுவாரா என்று பெண் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத் தரகர்மார் பதில் சொல்வதில்லை.

இப்போது ஷிராஸ் நுஹாவின் கணவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவரவேண்டும். வந்த நாளிலிருந்து அவனுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. அவன் கையால் தேநீர் கொட்டுப்பட்டால் மாமி கோப்பையைத்தான் ஏசினார். கிணற்றடியில் அவன் வாளியின் பிடியை உடைத்தபோது மாமா அப்துல் றசாக், "அது பழசு மகன், நானே உடைப்பம் எண்டு இருந்தனான்" என்றார். வாசல் நிலையில் அவன் தலை இடித்தபோது மாமா மேசனைக் கூப்பிட்டு நிலையை உயர்த்தப் போவதாகச் சொன்னார். ஷிராஸுக்குத் தொலைபேசிக் கவர் விற்கும் ஒரு சின்னக் கடை உண்டு. அங்கே வாடிக்கையாளர்கள் அவனை நாளுக்கு நாலு தரம் ஏசுவார்கள். இங்கே பஞ்சு மெத்தையில் இறக்கிவைத்த முட்டைபோல இருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா பழைய சாரத் துண்டில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார். பிரித்தால் உள்ளே மீன் பிடிக்கிற றீல். இரண்டு பக்கமும் கறுப்புத் தட்டு, நடுவில் தங்கூசி நூல் சுற்றிய உருளை, வலப்பக்கம் ஒரு கைபிடி. கைபிடிக்கு அடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம். அதை இறுக்கினால் பிறேக் பிடிக்கும். அளவாய்த் தளர்த்தினால் பெரிய மீன் இழுக்கும்போது தங்கூசி அறாமல் ஓடிக்கொடுக்கும்.

"குவைத்தில இருந்து வந்த சாமான் மகன். இப்ப பிறேக்கில ஏதோ பிழை" என்றார் மாமா. "போன கிழமை ஒரு பாரை. இந்தா, இவ்வளவு."

அவர் கைகளை விரித்தார். மாமி கறிச் சட்டியை அப்பால் நகர்த்தினார்.

"அது இழுத்துது. றீல் விடமாட்டன் எண்டு நிண்டுது. பிறகு படாரெண்டு விட்டுது. பிறகும் நிண்டுட்டுது. தங்கூசி அறுந்துபோச்சு. பாரை என்னைத் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு."

"மீன் திரும்பிப் பாக்குமா வாப்பா?" என்றாள் நுஹா.

"நீ பாத்தனியா? நான் பாத்தனான்."

மாமாவோடு ஒரே வள்ளத்தில் போகும் கூட்டாளி, பக்கத்து ஊரான பேசாலையில் இருக்கும் எமில். இரண்டு பேரும் மீனில் போட்டி, வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பதில் போட்டி, கொலஸ்ரோலில் கூடப் போட்டி. இப்போது மருமகன்மாரில் வந்து நிற்கிறது.

"எமில் சொல்றான், என்ர மருமகன் ரொபின்சன் போட் எஞ்சினையே பிரிச்சுப் பூட்டுறவன், அவனிட்டக் குடு எண்டு. நான் விட்டனானோ? என்ர வீட்டிலயும் ஒரு மருமகன் இருக்கார் எண்டு சொல்லிப்போட்டன். திங்கள் விடியக் கடலுக்குப் போறம். அதுக்குள்ள ஒருக்காப் பாத்துத் தாங்கோ மகன்."

எனக்குத் தெரியாது மாமா என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் ஷிராஸின் வாய் நிறைய மாமி வைத்த இறைச்சி. வாயால் பேச முடியாத நேரமெல்லாம் அவனுடைய தலை தானாக ஆடிவிடும். ஆடிவிட்டது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவன் நுஹாவிடம் உண்மையைச் சொன்னான்.

"அப்ப அந்த ஃபேன் எங்க?"

"சாக்குக்குள்ள."

"மணிக்கூடு?"

"அதே சாக்குக்குள்ள."

நுஹா தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். சுவர் மெல்லிசு. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தாள். "போய் வாப்பாட்டச் சொல்லுங்கோ, தெரியாதெண்டு."

"சொன்னா?"

அவள் யோசித்தாள். சொன்னால் வாப்பா, "பரவாயில்ல மகன்" என்பார். றீல் பேசாலைக்குப் போகும். அதன் பிறகு இந்த வீட்டில் ஒரு பல்பு எரியாவிட்டாலும் பேசாலைக்குத்தான் ஆள் போகும். ஷிராஸுக்கு முட்டைப் பொரியலும் நல்ல கதிரையும் ஆயுள் முழுக்கக் கிடைக்கும். வீட்டில் ஒரு வேலை மட்டும் கிடைக்காது. வந்த விருந்தாளி மாதிரியே இருந்து கிழவனாவான்.

"சொல்லாதீங்கோ. நாளைக்கு ரெண்டு பேரும் கழட்டுவம்" என்றாள்.

சனிக்கிழமை காலை மாமா சந்தைக்குப் போனதும் இருவரும் பின்விறாந்தையில் குந்தினார்கள். ஷிராஸ் தொலைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டான். அதில் ஒரு வெள்ளைக்காரர் வேறு ஏதோ றீலை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே உறைந்து நின்றார். சிக்னல் போய்விட்டது. அன்று முழுவதும் அவர் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாமான் ஒண்டும் உருண்டு போகாம ஒரு தட்டம் வேணும்" என்று நுஹா உள்ளே போய், ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹனைத் தூக்கிவந்தாள். அது மாமியின் கலியாணச் சஹன். கந்தூரிக்கும் பெருநாளுக்கும் மட்டும் வெளியே வருவது.

கைபிடி கழன்றது. நட்சத்திரச் சக்கரம் கழன்றது. பக்கத் தட்டின் ஆணிகள் உப்பில் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தவாறு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். கழட்டுகிற வேலையில் ஷிராஸுக்கு உண்மையாகவே கை ராசி உண்டு. தட்டு அசைந்து மெல்ல விலகியபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சட்டென்று உள்ளேயிருந்து அரிசி மணி அளவு ஒரு ஸ்பிறிங் துள்ளிப் பறந்தது. வெளிச்சம் போனது.

"எங்க விழுந்தது?"

"சத்தமே கேக்கேல்லையே."

ஷிராஸ் முழங்காலில் நின்று, நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்து, சீமெந்துத் தரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஊர்ந்தான். அந்த நேரம் பார்த்து மாமி ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பத்துடன் வந்தார். மருமகன் நெற்றியைத் தரையில் வைத்திருப்பதைக் கண்டு, தொழுகையைக் குழப்பாமல் மரியாதையாகக் கொஞ்சம் காத்து நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகன், குறை நினைக்காதீங்கோ... இந்த வீட்டில கிப்லா அந்தப் பக்கம்."

ஸ்பிறிங் தொலைந்துவிட்டது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "ஓம் மாமி" என்று சொல்லி, அதே குனிந்த கோலத்தில் மெல்லத் திரும்பிக் கிப்லாப் பக்கம் பார்த்தான். அங்கே, அலுமாரியின் காலடியில், ஸ்பிறிங் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் சொன்னது அடிவயிற்றிலிருந்து வந்தது. மாமி நெகிழ்ந்துபோனார். இப்படியொரு பக்தியான மருமகனா என்று நினைத்துத் திரும்பியவரின் கண்ணில் கறுத்த கிறீஸ் பூசிய பல்சக்கரங்களோடு தன் கலியாணச் சஹன் பட்டது.

மாமியின் முகத்தில் பல காரியங்கள் நடந்தன. கடைசியில், "பரவாயில்ல மகன், சஹன்தானே. கழுவலாம்" என்றார். உள்ளே போய் ஒரு பானையைக் கொஞ்சம் பலமாக வைத்தார்.

பெரிய பல்சக்கரத்தின் வயிற்றுக்குள்தான் பிறேக் இருந்தது. வாசர்கள், நடுவில் துளையுள்ள வட்டத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு உலோக வாசர், ஒரு நார் வாசர், மறுபடி உலோகம், மறுபடி நார். எல்லாம் பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தன. மண்ணிறப் பிசின். நுஹா முகர்ந்து பார்த்தாள்.

"இது வாப்பாட தலை மாதிரி மணக்குது."

அப்போதுதான் விசயம் வெளிச்சமானது. மாமா ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போய் வந்து, குளித்து, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பார். கையில் மிஞ்சியதை அன்போடு றீலுக்கும் பூசிவிடுவார். தலையில் அது காய்ந்துபோகும். றீலுக்குள் காயாமல் உப்போடு சேர்ந்து பிசினாகும். பிறேக் ஒட்டிப் பிடித்து, பிய்த்துக்கொண்டு விட்டு, மறுபடி ஒட்டியதற்குக் காரணம் இதுதான்.

"மாமாட்ட இதைச் சொல்லேலுமா?" என்றான் ஷிராஸ்.

"நீங்க சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ. நான் அந்த நேரம் வீட்டில இருக்கமாட்டன்."

வாசர்களை ஒவ்வொன்றாகக் கழட்டி ஷிராஸ் நீட்ட, நுஹா வாங்கிச் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்லு பிறஸால் தேய்த்துத் துடைத்து, கழட்டிய ஒழுங்கு குலையாமல் சஹனில் வரிசையாக அடுக்கினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்தியதுபோல அழகான வரிசை. மற்றப் பல்சக்கரங்களுக்கு ஷிராஸ் புதுக் கிறீஸ் பூசினான். எல்லாம் வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவிலும் அவன் எழும்பிப் போய் வரிசையை இரண்டு தரம் பார்த்துவந்தான்.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்ததும், அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் குர்ஆன் ஓத நுஹாவிடம் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஓதிக்கொடுப்பவள் அவள்தான். "வரிசை சரியா இருக்கு, நீங்க பூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

ஷிராஸ் தனியே பூட்டினான். கடைசியில் கழன்றது முதலில் உள்ளே போகவேண்டும். அது அவனுக்குத் தெரியும். வரிசையின் கடைசி வாசரை எடுத்து முதலில் போட்டான், அடுத்ததை அதன்மேல் போட்டான். முன்னறையில் பிள்ளைகள் ராகம் போட்டு ஓத, இவனுடைய கை அதற்குத் தாளம் தட்டுவதுபோல வேலை செய்தது. ஸ்பிறிங்கை மூச்சை அடக்கி உட்காரவைத்தான். தட்டை மூடினான். ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் மோட்டார்சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

மாமா றீலைக் கையில் வாங்கினார். பளபளப்பைப் பார்த்துக் கண்ணை விரித்தார். நட்சத்திரச் சக்கரத்தை இறுக்கினார். கைபிடியைச் சுற்றினார். கைபிடி சுற்றியது. காற்றில் கையை விசுக்குவது மாதிரி இலேசாகச் சுற்றியது. உருளை அசையவில்லை. மாமா சக்கரத்தை இன்னும் இறுக்கினார். இன்னும் வேகமாய்ச் சுற்றினார். உருளை, எனக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் சும்மா இருந்தது.

ஓதி முடித்த பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். நுஹா பார்த்தாள். மாமி பார்த்தார்.

"நல்லாச் சுத்துது மகன்" என்றார் மாமா. "கைபிடி முந்தி இவ்வளவு இலேசாச் சுத்தினதில்ல."

"மாமா, உருளை..."

"உருளை மெல்லமாச் சுத்தும். அவசரமில்ல." மாமா றீலை மெதுவாக மேசையில் வைத்தார். "கஷ்டப்பட்டிருக்கிறீங்க. போய் முகத்தைக் கழுவுங்கோ."

மாமி ஓடிப்போய் இரண்டு முட்டை பொரித்துக்கொண்டுவந்தார். அந்த முட்டைகளைப் பார்த்தபோதுதான் ஷிராஸுக்கு விளங்கியது. இந்த வீட்டில் அவனுடைய பிழை எதையும் யாரும் பிழை என்று சொல்லமாட்டார்கள். முட்டையாகப் பொரித்துத் தருவார்கள்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது நுஹா அறைக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். "வாப்பா எமில் மாமாக்கு கோல் எடுத்துக் கதைச்சவர். நாளைக்குச் சேர்ச்சில பூசை முடிய ரொபின்சனைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"என்ன சொன்னவர்?"

"உங்களுக்குத் தடிமனாம், மூக்கு ஓடுதாம். அதாலதான் சரியாப் பூட்ட ஏலாமப் போச்சாம்."

"எனக்குத் தடிமன் இல்லையே."

"எனக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சிக் காட்டுங்கோ, வாப்பாவைப் பொய்யராக்காதீங்கோ."

உடனே மறுபடி கழட்டவும் வழியில்லை. அன்றிரவு நுஹாவின் சாச்சி, மாமியின் தங்கை பரீனா வீட்டில் புது மாப்பிள்ளை விருந்து. போகாமல் விட்டால் இரண்டு வருசத்துக்குப் பேச்சிருக்கும்.

விருந்தில் ஆண்கள் முன்னறையில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் திரைச்சீலைக்கு அப்பால். ஷிராஸ் சோற்றைப் பிசைந்தானே தவிர, அவன் கண்ணுக்குள் வாசர்கள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். வரிசை குலையவில்லை. அப்படியென்றால் என்ன பிழை? அப்போது சர்பத் வந்தது. கொண்டுவந்த சாச்சா அதை இடப்பக்கம் இருந்தவரிடம் கொடுக்கப்போனார்.

"வலப்பக்கத்தால தொடங்குங்கோ" என்று திரை இடுக்கால் பார்த்த ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

ஷிராஸின் கைச்சோறு கையிலேயே நின்றது. வலப்பக்கத்தால். நாள்தோறும் பிள்ளைகளுக்கு வலமிருந்து இடமாக விரல் வைத்து ஓதிக்கொடுப்பவள் நுஹா. செருப்புப் போட்டாலும் வலது, கூந்தல் வாரினாலும் வலது, பாய் விரித்தாலும் வலது மூலை. அவள் வாசரை எங்கிருந்து அடுக்கத் தொடங்கியிருப்பாள்?

அவன் எழுந்தான். திரைச்சீலையிடம் போய் நின்றான்.

"நுஹா!"

அப்பால் பெண்களின் பேச்சு நின்றது. புது மாப்பிள்ளை விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பெண்டாட்டியின் பேரைக் கூப்பிடுவது அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

"என்ன?" என்று சின்னக் குரலில் கேட்டாள் நுஹா.

"நீ எந்தப் பக்கத்தில இருந்து வைச்சனீ?"

திரைக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. சாச்சியின் குரல், "அல்லாஹ்வே, இதெல்லாம் வீட்ட போய்க் கேளுங்கோ மகன்" என்றது. ஆண்கள் பக்கம் ஒருவருக்குப் புரைக்கேறியது.

"வாசர்! வாசரைக் கேக்கிறன்!"

பிறகு நுஹாவின் குரல் உடைந்துபோய் வந்தது. "வலப்பக்கத்தில இருந்து. நீங்க?"

"நான் இடப்பக்கம்தான் தொடக்கம் எண்டு நினைச்சிட்டன்!"

அவன் தமிழ்ப் புத்தகம் வாசிப்பதுபோல வாசித்திருக்கிறான். முதலில் கழன்ற தடித்த மேல் வாசர் வலக்கோடியில் இருந்தது. அதைக் கடைசியில் கழன்றது என்று நினைத்து எல்லாவற்றுக்கும் அடியில் போட்டுவிட்டான். முழு அடுக்கும் தலைகீழ். மேலேயிருந்து அழுத்தவேண்டிய வாசர் அடியில் படுத்துத் தூங்க, நட்சத்திரச் சக்கரம் வெறும் நார் வாசரைக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஷிராஸ் திரும்பி வந்து அந்தச் சஹனில் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ஞாயிறு சுபஹு தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் இருவரும் மறுபடி குந்தினார்கள். இந்த முறை நுஹா எழுந்து போகவில்லை. அடியில் நார், மேலே தடித்த உலோகம். பூட்டி, சக்கரத்தை இறுக்கி, ஷிராஸ் கைபிடியைத் தொட்டான். உருளை சுற்றியது. தங்கூசியை இழுத்தான். பட்டுத் துணியை உருவுவதுபோல ஒரே சீராக வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சத்தம் போடவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் நுஹா அவனுடைய தோளில் ஒரு குத்து விட்டாள்.

மாமாவிடம் சொல்ல வாய் திறப்பதற்குள் ஓட்டோ வந்து நின்றுவிட்டது. எமில் இறங்கினார். பின்னால் ரொபின்சன், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டும் கையில் ஒரு இரும்புப் பெட்டியுமாக.

"எங்க சாமான்? தடிமன்காரர் எங்க?" என்றார் எமில்.

ஷிராஸ் மூக்கை உறிஞ்சினான். பிறகு, "மாமா, இப்ப சரி. ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

மாமாவின் முகத்தில் கவலை வந்தது. எமிலின் முன்னால் அந்தக் கைபிடி இன்னொரு தரம் காற்றில் சுற்றினால் சாகும்வரைக்கும் கதைதான். ஆனால் மருமகனை நம்பவில்லை என்று மருமகனின் முகத்துக்கு முன்னால் காட்டவும் முடியாது.

"பாப்பமே" என்றார், தூக்குமேடைக்கு ஏறுகிறவர் மாதிரி.

றீலைத் தடியில் பூட்டினார்கள். ஒரு காட்போட் பெட்டிக்குள் கல்லைப் போட்டுத் தங்கூசியில் கட்டி, வாசலுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் அந்த முனைவரை கொண்டுபோய் வைத்தான் ரொபின்சன். மாமா தடியோடு வாசலில் நின்றார். இழுத்துப் பார்த்து, பிறேக் எப்படியென்று பார்ப்பதுதான் திட்டம்.

திட்டத்தில் கழுதை இருக்கவில்லை.

எந்த நேரமும் ஒழுங்கையில் திரிகிற கழுதைகளில் ஒன்று மதிலோரம் நின்றிருந்தது. அதற்குக் காட்போட் என்றால் பிரியாணி. வந்து பெட்டியை மோந்தது. ஒரு மூலையைப் பல்லால் கவ்வியது. பெட்டி கவிழ்ந்து கற்கள் கொட்டுப்பட்டன. கழுதை பெட்டியோடு நடக்கத் தொடங்கியது.

கர்ர்ர்ர் என்றது றீல்.

மாமாவின் வாய் திறந்தது. தங்கூசி சீராக, ஒரு திக்கல் திணறல் இல்லாமல் ஓடியது. தடியின் நுனி அழகாக வளைந்தது. "எமில்! கேக்குதா? எமில்! பாத்தியா என்ர மருமகன்ர வேலைய!" என்று கத்தினார்.

"கழுதை போகுது மனிசா!" என்றார் எமில்.

"போகட்டும்! போடா, போ! இன்னும் இழு!"

"என்ன பழுது இருந்தது, தம்பி?" என்று எமில் ஷிராஸைக் கேட்டார். "எங்கட றீலுக்கும் வராமப் பாக்கலாம்."

நுஹா அவசரமாக வானத்தைப் பார்த்தாள். ஷிராஸ் மாமாவின் மினுங்கும் தலையைப் பார்த்தான்.

"உப்பு" என்றான். "கடல் உப்பு."

மாமா எதையோ நினைத்தவர்போல் ஒரு கையால் தன் தலையைத் தடவினார். கையை முகர்ந்தார். ஷிராஸைப் பார்த்தார். மறுபடி தடியைப் பிடித்தார். அதற்குள் உருளையின் அடி தெரியத் தொடங்கிவிட்டது. நல்ல தங்கூசி முழுவதும் பெரிய றோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மகன், ஓடிப்போய் அதை மறிங்கோ" என்றார் மாமா, அந்த நிலையிலும் பணிவாக.

ஷிராஸ் ஓடினான். ரொபின்சனும் ஓடினான். ஓடும்போதே ரொபின்சன் மூச்சு வாங்க, "அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றான்.

"ஏன்?"

"நான் இந்தச் சாமானத் தொட்டதே இல்ல. எஞ்சின் எண்டாத் தெரியும். இரவு முழுக்க நித்திரை இல்ல. பூசையில நேர்த்தி வைச்சிட்டு வந்தனான், இது தானாச் சரியாக வேணுமெண்டு."

"அந்தப் பெட்டி?"

"உள்ள ஒரு சுத்தியல்தான் கிடக்கு."

ஷிராஸுக்குச் சிரிப்பு வந்து ஓட்டம் தடுமாறியது. கழுதையைத் தாண்டி முன்னால் போய் நிற்பதற்குப் பதிலாக அவன் பின்னாலிருந்து கையைத் தட்டிவிட்டான். பின்னாலிருந்து தட்டினால் கழுதை எந்தப் பக்கம் போகும்? பெட்டியை விடாமல் நாலுகால் பாய்ச்சலில் முன்னால் போனது. றீல் வீரிட்டது.

"டேய்!"

ஒழுங்கை முழுவதும் அந்தக் குரல் கேட்டது. மதிலுக்கு மேலால் தலைகள் எழும்பின.

"மடையா! முன்னால போய் மறிக்கச் சொன்னா பின்னால நிண்டு கை தட்டுறியே! அது என்ன நாடகமா? நேத்து அந்த றீலை அநியாயமாக்கி வைச்சது காணாதெண்டு இண்டைக்குத் தங்கூசியையும் கழுதைக்குச் சீதனமாக் குடுக்கிறியே! வாளியை உடைச்சாய், பேசாம இருந்தன்! மனிசியின்ர சஹனில மண்ணெண்ணெய் ஊத்தினாய், பேசாம இருந்தன்! வலப்பக்கமாச் சுத்தி ஓடடா!"

மாமி வாசலில் நெஞ்சில் கையை வைத்தார். நுஹா வாயைப் பொத்தினாள். எமில் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். ஷிராஸ் மட்டும் வலப்பக்கமாகச் சுற்றி ஓடினான். சிலாவத்துறையை விட்டு வந்த பிறகு கால்கள் இவ்வளவு இலேசாக ஓடியதில்லை. கழுதைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றான். ரொபின்சன் வெள்ளைச் சேட்டோடு மறுபக்கம் நின்றான். கழுதை இருவரையும் பார்த்து, இந்த ஊரில் ஒரு பெட்டியை நிம்மதியாகத் தின்ன முடியாது என்று நினைத்ததோ என்னவோ, கவ்வியதை விட்டுவிட்டு வேலியோரமாகப் போய்விட்டது.

இருவரும் வாசலுக்குத் திரும்பி வந்தபோது மாமா தடியைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு இப்போதுதான் தான் பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கவேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"மகன்... நான் ஒரு ஆவேசத்தில..."

"சரியாத்தானே மாமா சொன்னனீங்க. நான் பிழையான பக்கத்தில நிண்டனான்."

மாமா தடியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"பிடி. பூட்டினவன்தானே சுத்தவேணும். ஒரு முடிச்சு விழாம, ஒழுங்காச் சுத்தி எடு. நாளைக்கு விடிய வள்ளத்துக்கு நீயும் வா. வழியில பழுதானா ஆர் பாக்கிறது? எமிலின்ர மருமகன் சுத்தியலோட வருவானா?"

"பெட்டியத் திறந்து பாத்திட்டியளோ?" என்றான் ரொபின்சன் திடுக்கிட்டு.

"தூக்கிப் பாத்தனான். சுத்தியல் பாரத்தில ஒரு சாமான்தான் உருண்டது."

ஷிராஸ் சுற்றத் தொடங்கினான். உருளை சொன்னபடி கேட்டது. தங்கூசி மணலில் இருந்து எழுந்து, இறுகி, அடுக்கடுக்காக வந்து படிந்தது. மாமா பக்கத்தில் நின்று, "இப்ப இடப்பக்கம் தள்ளு... கூடிப்போச்சு, மடையா... ஆ, அப்பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒழுங்கையின் முனையிலிருந்து பாதி தின்ற காட்போட் பெட்டி துள்ளித் துள்ளி வந்தது. எமில் கண்ணுக்கு மேல் கையை வைத்து அதைக் கூர்ந்து பார்த்தார்.

"அஞ்சு கிலோ வரும்" என்றார்.